ஜாதவ்பூரில் தமிழ்க் கல்யாணம்: போட்டோகிராபரை எப்படித் தேர்ந்தெடுப்பது, எவ்வளவு பணம் ஒதுக்குவது?

கெட்டிமேளம் ஒலித்து, தாலி கட்டி, முதல் முடிச்சு விழுவதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? சில நொடிகள்தான். அந்தச் சில நொடிகளைப் படம் எடுக்க வந்தவருக்குக் கெட்டிமேளம் என்றால் என்னவென்றே தெரியாவிட்டால்?

என் சித்தி மகள் கல்யாணத்தில் அதுதான் நடந்தது. ஜாதவ்பூரில் ஆராய்ச்சி மாணவி அவள். கல்யாணமும் தெற்கு கொல்கத்தாவில்தான். வந்த போட்டோகிராபர் நல்ல கலைஞர், நூற்றுக்கணக்கான வங்காளிக் கல்யாணங்களைப் பார்த்தவர். மாலை மாற்றியதை அழகாக எடுத்தார். முக்கியமான சடங்கு அதுதான் என்று நினைத்து லென்ஸை மாற்றக் குனிந்தார். மேளம் வேகமெடுத்தது, எல்லோரும் எழுந்தார்கள், அட்சதை பறந்தது. இன்று ஆல்பத்தில் தாலி கட்டும் படமாக இருப்பது பெரியப்பாவின் முதுகு மட்டுமே. அந்தக் கல்யாணத்துக்குத் திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த பாட்டி அடுத்த வருஷம் இல்லை. பாட்டியோடு மணப்பெண் தனியாக நிற்கும் படம் ஒன்றுகூட இல்லை.

போட்டோகிராபர் மேல் மட்டும் தப்பில்லை. அவரிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. நாங்கள் கேட்டதெல்லாம் ஒரே கேள்வி: "மொத்தம் எவ்வளவு?"

வேலைக்காகவும் படிப்பிற்காகவும் ஊரை விட்டு வந்து, கல்யாணச் செலவில் பெரும்பகுதியைத் தாங்களே ஏற்கிற இளைஞர்களுக்காக இந்தக் கட்டுரை. கொல்கத்தாவை வைத்து எழுதியிருந்தாலும், கணக்கு புனேவுக்கும் ஹைதராபாத்துக்கும் பொருந்தும்.

எப்போது தேடத் தொடங்க வேண்டும்?

தேதி முடிவான அன்றே. ஆனால் கொல்கத்தாவில் ஒரு சாதகமான விஷயம் இருக்கிறது. பஞ்சாங்கத்தைப் பார்த்தால் புரியும்.

நாம் ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் வைப்பதில்லை. பலர் புரட்டாசியையும் தவிர்ப்பார்கள். வங்காளிகள் வழக்கமாகத் தவிர்க்கும் மாதங்கள் பாத்ரோ, ஆஷ்வின், கார்த்திக், பௌஷ், சைத்ர. இரண்டும் சூரிய நாட்காட்டி என்பதால் மாதங்கள் கிட்டத்தட்ட ஒரே நாளில் தொடங்குகின்றன. பெயர்கள்தான் குழப்பும். அவர்களின் கார்த்திக் நம் ஐப்பசி. அவர்களின் சைத்ர நம் பங்குனி. பாத்ரோ என்பது ஆவணி. "கார்த்திக் மாசத்துல இங்கே கல்யாணமே கிடையாது" என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னால், அவர் நம் கார்த்திகையைச் சொல்லவில்லை.

பொருத்திப் பார்த்தால் மூன்று விஷயங்கள் தெரியும். மார்கழியில் இரு தரப்பிலும் கல்யாணம் இல்லை. கார்த்திகை, தை, மாசியில் இரு தரப்புக்கும் சீசன், போட்டியும் அதிகம். ஆவணி, ஐப்பசி, பங்குனியில் நமக்கு முகூர்த்தம் உண்டு, வங்காளிக் கல்யாணங்கள் இல்லை. இந்த மூன்று மாதங்களில் நீங்கள் விரும்பும் போட்டோகிராபர் கிடைக்கும் வாய்ப்பும், பேரம் பேசும் வாய்ப்பும் கூடுதல்.

எச்சரிக்கை ஒன்று: துர்கா பூஜை சில வருடங்களில் ஐப்பசித் தொடக்கம் வரை நீளும். அந்த நாட்களில் தெற்கு கொல்கத்தாவில் கடியாஹாட்டைத் தாண்டுவதே சிரமம். பலர் பூஜை படப்பிடிப்பில் இருப்பார்கள். தேவ உத்தான ஏகாதசிக்குப் பிறகு மார்வாரிக் குடும்பங்களின் சீசனும் தொடங்கிவிடும்.

உள்ளூர்க்காரரா, ஊரிலிருந்து அழைத்து வருவதா?

"நம்ம ஊர் ஆளுக்குத்தான் நம்ம சடங்கு தெரியும்" என்று அப்பா சொல்வார். அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் செலவையும் பார்க்க வேண்டும். ஷாலிமாரிலிருந்து சென்னைக்குப் போகும் கோரமண்டல் எக்ஸ்பிரஸ் ஒரு நாளுக்கும் மேல் எடுத்துக்கொள்கிறது. நான்கு பேர் குழு ரயிலில் வந்தால், இரண்டு நாள் கல்யாணத்துக்கு அவர்களின் ஐந்தாறு வேலை நாட்கள் போய்விடும். அந்த நாட்களுக்கும் சேர்த்துத்தான் விலை சொல்வார்கள். விமானத்தில் வந்தால் டிக்கெட், அதிகப்படியான லக்கேஜ், தங்கும் அறை. உதிரி லித்தியம் பேட்டரிகளைக் கைப்பையில்தான் கொண்டுவர முடியும் என்பதையும் அவர்கள் கணக்கில் வைக்க வேண்டும்.

நடுவழி ஒன்று உண்டு. லேக் மார்க்கெட், ராஷ்பிஹாரி அவென்யூ பகுதியில் பல தலைமுறைகளாகத் தென்னிந்தியக் குடும்பங்கள் வாழ்கின்றன. ஜாதவ்பூர் 8பி பேருந்து நிலையத்திலிருந்து அது அதிக தூரமில்லை. அங்குள்ள கோயில்களிலும் சபாக்களிலும், சாஸ்திரிகளிடமும், சமையல் காண்ட்ராக்டர்களிடமும் கேளுங்கள்: "போன வருஷம் யார் எடுத்தாங்க?" தமிழ் அல்லது தெலுங்குக் கல்யாணம் எடுத்துப் பழகிய உள்ளூர்க்காரர் கிடைத்தால் பயணச் செலவு மிச்சம்.

அப்படி யாரும் கிடைக்கவில்லையா? நல்ல உள்ளூர் போட்டோகிராபரையே எடுத்துக்கொள்ளுங்கள். சடங்குகளை நீங்கள் கற்றுக்கொடுங்கள். எப்படி என்று பின்னால் பார்ப்போம்.

இன்ஸ்டாகிராம் பக்கத்தைப் பார்த்து முடிவு செய்யலாமா?

கூடாது. அங்கே இருப்பவை ஐம்பது கல்யாணங்களில் எடுத்த ஐம்பது சிறந்த படங்கள். உங்களுக்குத் தேவை ஒரே கல்யாணத்தின் முழு ஆல்பம். "சமீபத்தில் முடித்த ஏதாவது ஒரு கல்யாணத்தின் எல்லாப் படங்களையும், அந்தக் குடும்பத்தின் அனுமதியோடு காட்ட முடியுமா?" என்று கேளுங்கள். பார்க்கும்போது கவனிக்க வேண்டியவை:

ஒன்று, வெளிச்சம். வங்காளிக் கல்யாணம் பெரும்பாலும் மாலையிலும் இரவிலும் நடக்கும். நம் முகூர்த்தம் அதிகாலையில். டிசம்பர் தொடக்கத்தில் கொல்கத்தாவில் காலை 6 மணி வாக்கில்தான் சூரியன் உதிக்கும். நாலரைக்குத் தொடங்கும் சடங்குகள் டியூப்லைட்டிலும் மஞ்சள் பல்பிலும்தான் நடக்கும். மங்கிய மண்டபத்தில் எடுத்த படங்களில் முகத்தின் நிறம் இயல்பாக இருக்கிறதா என்று பாருங்கள். மாநிறத்தையும் கறுப்பையும் வெளுப்பாக்கும் பழக்கம் இருந்தால் "எங்க நிறத்திலேயே இருக்கட்டும்" என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

இரண்டு, ஹோம புகை. புகைக்கு நடுவே முகம் தெளிவாக வருகிறதா?

மூன்று, கூட்டம். மேடையைச் சுற்றி உறவினர்கள் நிற்கும்போது எங்கிருந்து எடுத்திருக்கிறார்?

நான்கு, வயதானவர்கள். ஆல்பத்தில் மணமக்கள் மட்டும்தானா, தாத்தா பாட்டிகளும் இருக்கிறார்களா?

கடைசியாக ஒரு கேள்வி: "நீங்களே வருவீர்களா, வேறு ஆளை அனுப்புவீர்களா?" சீசனில் ஒரே நாளில் மூன்று கல்யாணம் பிடிக்கும் நிறுவனங்கள் ஃப்ரீலான்ஸ் ஆட்களை அனுப்புவது சாதாரணம். வரப்போகிறவர் எடுத்த படங்களைத்தான் நீங்கள் பார்க்க வேண்டும்.

இரண்டு கொட்டேஷன்களை எப்படி ஒப்பிடுவது?

இங்கேதான் பெரும்பாலோர் ஏமாறுகிறோம். கீழே இருப்பது சந்தை விலை அல்ல, கணக்குப் போடும் முறையை விளக்கும் உதாரணம்.

உங்களுக்கு முதல் நாள் மாலை வரவேற்பு 5 மணி நேரம், மறுநாள் முகூர்த்தம் 6 மணி நேரம், மொத்தம் 11 மணி நேரம் வேண்டும்.

முதல் கொட்டேஷன் 1,10,000 ரூபாய். நான்கு பேர், 11 மணி நேரம், ஒரு ஆல்பம், பயணம் எல்லாம் சேர்த்து. அவருக்கு ஜிஎஸ்டி பதிவு இல்லை.

இரண்டாவது 78,000 ரூபாய். இரண்டு பேர், 8 மணி நேரம். பார்த்தவுடன் 32,000 ரூபாய் மிச்சம் போலத் தெரியும். அடியில் உள்ள சிறிய எழுத்துகளைப் படியுங்கள். கூடுதல் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் 3,000 ரூபாய், மூன்று மணி நேரத்துக்கு 9,000. ஆல்பம் தனியாக 15,000. முகூர்த்தத்துக்கு மட்டும் இன்னொரு வீடியோகிராபர் 12,000. மொத்தம் 1,14,000. அதன்மேல் 18% ஜிஎஸ்டி 20,520. ஆக, 1,34,520 ரூபாய்.

இப்போது ஆட்களையும் மணி நேரத்தையும் பெருக்குங்கள். முதல் குழு 4 பேர், 11 மணி நேரம்: 44 ஆள்-மணி. ஓர் ஆள்-மணிக்கு 2,500 ரூபாய். இரண்டாவது குழு 2 பேர், 11 மணி நேரம், கூடவே ஒருவர் 6 மணி நேரம்: 28 ஆள்-மணி. ஓர் ஆள்-மணிக்குச் சுமார் 4,800 ரூபாய்.

இரண்டாமவர் ஏமாற்றுக்காரர் என்று இதற்கு அர்த்தமில்லை. அவருடைய படங்கள் அந்த விலைக்குத் தகுதியானவையாகவே இருக்கலாம். ஆனால் மலிவு என்று நினைத்து அவரைத் தேர்ந்தெடுக்காதீர்கள். எல்லாக் கொட்டேஷன்களையும் ஒரே எக்ஸெல் பக்கத்தில், ஒரே வரிசையில் போட்டுப் பாருங்கள்: ஆட்கள், மணி நேரம், திருத்திய படங்களின் எண்ணிக்கை, வீடியோவின் நீளம், ஆல்பத்தின் அளவும் பக்கங்களும், பயணம், சாப்பாடு, வரி, கையில் தரும் நாள்.

ஜிஎஸ்டி பற்றி ஒரு வார்த்தை. புகைப்பட சேவைக்கு 18% வரி. மேற்கு வங்கத்தில் ஆண்டு வருமானம் 20 லட்சம் ரூபாய்க்குள் இருக்கும் சேவையாளர்கள் பொதுவாகப் பதிவு செய்ய வேண்டியதில்லை. பதிவு இல்லாதவர் உங்களிடம் ஜிஎஸ்டி வசூலிக்க முடியாது. வரி கேட்டால் பதிவு எண்ணுடன் பில் கேளுங்கள். "பில் வேண்டாம்னா 18% குறைச்சுக்கலாம்" என்று சொன்னால் யோசியுங்கள். நாளை தகராறு வந்தால் உங்கள் கையில் இருக்கப்போகும் முதல் ஆதாரம் அந்த பில்தான். இன்னொன்று: ஒரே நிகழ்ச்சிக்காக ஒருவரிடமிருந்து 2 லட்சம் ரூபாய் அல்லது அதற்கு மேல் ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடை செய்கிறது.

பட்ஜெட்டை எப்படிப் பிரிப்பது?

மொத்தக் கல்யாணச் செலவில் இத்தனை சதவீதம் என்று ஒரு விதியும் கிடையாது. நான் பரிந்துரைப்பது மூன்று பட்டியல்கள்.

முதல் பட்டியல், திரும்ப எடுக்க முடியாதவை. முகூர்த்தம், குடும்பப் படங்கள், இரண்டாவது கேமரா, பேக்கப். பணத்தை முதலில் இங்கே வையுங்கள்.

இரண்டாவது, பிறகும் செய்யக்கூடியவை. ஆல்பம், பெரிய பிரிண்ட், நீளமான சினிமா பாணி வீடியோ. கோப்புகள் கையில் இருந்தால் ஆல்பத்தை அடுத்த வருஷ போனஸில்கூட அடிக்கலாம். தாலியை இன்னொரு முறை கட்ட முடியாது.

மூன்றாவது, இல்லாவிட்டாலும் நஷ்டமில்லாதவை. ப்ரீ-வெட்டிங் ஷூட், ட்ரோன், டீசர், எல்இடி திரை. பிரின்செப் படித்துறையில் மாலை வெயிலில் படம் எடுக்க ஆசையா? எடுங்கள். ஆனால் டிசம்பர் தொடக்கத்தில் கொல்கத்தாவில் 5 மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும், சென்னையை விடக் கிட்டத்தட்ட 50 நிமிடம் முன்னதாக. "அஞ்சு மணிக்கு வாங்க" என்று ஊர்ப் பழக்கத்தில் சொன்னால் இருட்டில் நிற்பீர்கள். விக்டோரியா நினைவகம் போன்ற இடங்களில் தொழில்முறை படப்பிடிப்புக்கு அனுமதி வேண்டுமா, கட்டணம் எவ்வளவு என்று முன்பே கேட்டு வையுங்கள்.

ட்ரோன் வேண்டுமென்றால், 2021 ட்ரோன் விதிகளின்படி 250 கிராமுக்கு மேற்பட்ட ட்ரோனை வணிகரீதியாக இயக்குபவரிடம் ரிமோட் பைலட் சான்றிதழ் இருக்க வேண்டும். ட்ரோனுக்குப் பதிவு எண் இருக்க வேண்டும். மண்டபம் இருக்கும் இடம் பச்சை, மஞ்சள், சிவப்பு மண்டலங்களில் எதில் வருகிறது என்று அரசின் வான்வெளி வரைபடத்தில் பார்க்க வேண்டும். உள்ளூர்க் காவல் நிலையத்திலும் கேட்டுக்கொள்வது நல்லது. நாற்காலிக்கும் கூரைக்கும் நடுவே இடமில்லாத மண்டபத்தில் ட்ரோன் எதற்கு என்பது தனிக் கேள்வி.

இந்த மூன்றும் போக, 10% தனியாக எடுத்து வையுங்கள். முகூர்த்தம் தள்ளிப் போகும், வரவேற்பு நீளும். அதிகாலை 4 மணிக்குக் குழுவினர் வர மெட்ரோ ஓடாது, வண்டிச் செலவு வரும். அவர்களுக்கும் டிபன், சாப்பாடு உண்டு என்று சமையல்காரரிடம் எண்ணிக்கை சொல்லிவிடுங்கள். பசியோடு நிற்பவரிடம் நல்ல படம் எதிர்பார்க்கக் கூடாது.

ஒப்பந்தத்தில் என்ன எழுத வேண்டும்?

வாட்ஸ்அப்பில் "ஓகே சார், டன்" என்பது போதாது. ஒரு பக்க ஒப்பந்தம் போதும். இவை இருக்கட்டும்:

வருபவர் பெயர், நேரம், ஆட்கள், கேமராக்கள். அவருக்கு உடம்பு சரியில்லாமல் போனால் மாற்று யார்? எத்தனை திருத்திய படங்கள், எந்தத் தேதிக்குள்? பணம் எத்தனை தவணை? முன்பணம், கல்யாண நாள், படங்கள் கைக்கு வந்த பிறகு என்று மூன்றாகப் பிரியுங்கள். முழுப் பணத்தையும் கல்யாணத்தன்றே கொடுத்துவிட்டால், பிறகு ஃபோனில் கெஞ்ச வேண்டியது நீங்கள்தான்.

தேதி தள்ளிப்போனால் முன்பணம் என்ன ஆகும்? 2020 மார்ச் 25-இல் ஊரடங்கு வந்தபோது பல குடும்பங்கள் இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் நின்றன. அதே ஆண்டு மே 20-இல் அம்பன் புயல் கொல்கத்தாவைப் புரட்டிப்போட்டது. சித்திரை, வைகாசியில் மாலைகளில் காலபைசாகி புயல்மழை வருவது இங்கே வழக்கம். "தவிர்க்க முடியாத காரணத்தால் தள்ளிப்போனால் முன்பணம் புதிய தேதிக்குச் செல்லும்" என்று ஒரு வரி போதும்.

அப்புறம், பேக்கப். 24 மெகாபிக்சல் கேமராவில் ஒரு ரா கோப்பு சுமார் 25 முதல் 30 எம்பி. 4,000 படங்கள் என்றால் 100 முதல் 120 ஜிபி. நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் பதிவாகும் 4கே வீடியோ மணிக்கு 45 ஜிபி. இரண்டு கேமரா, எட்டு மணி நேரம்: 720 ஜிபி. இவ்வளவும் ஒரே ஹார்ட் டிஸ்கில், ஒரே அறையில் இருந்தால்? கொல்கத்தாவின் புகழ்பெற்ற போர்ன் அண்ட் ஷெப்பர்ட் ஸ்டூடியோ 19-ஆம் நூற்றாண்டிலிருந்து இயங்கியது. 1991-இல் ஏற்பட்ட தீ விபத்தில் அதன் படச் சேமிப்பில் பெரும்பகுதி அழிந்தது. 2016-இல் ஸ்டூடியோவே மூடப்பட்டது. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே அந்தக் கதி. இரண்டு மெமரி கார்டில் ஒரே நேரத்தில் பதிவாகும் கேமராவா என்று கேளுங்கள். கல்யாணம் முடிந்ததும் 2 டிபி ஹார்ட் டிஸ்க் ஒன்றை நீங்களே வாங்கிக் கொடுத்து ஒரு பிரதி கேளுங்கள். ரா கோப்புகளும் வேண்டுமென்றால் அதையும் ஒப்பந்தத்தில் எழுதுங்கள்.

படங்கள் யாருக்குச் சொந்தம்?

பலருக்குத் தெரியாத விஷயம் இது. 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவின்படி, ஒருவர் கேட்டுக்கொண்டு பணம் கொடுத்து எடுக்கப்பட்ட புகைப்படத்தின் முதல் உரிமையாளர், பணம் கொடுத்து எடுக்கச் சொன்னவரே. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் மட்டுமே இது மாறும். அதனால்தான் "எல்லா உரிமையும் ஸ்டூடியோவுக்கே" என்ற வரியைத் தேடிப் பார்க்க வேண்டும். உங்கள் படத்தை அவர்கள் விளம்பரத்தில் போடலாமா, எந்தப் படங்களை, எப்போது என்று எழுதிக்கொள்ளுங்கள். விருந்தினர் முகத்தை அடையாளம் கண்டு படங்களைப் பிரித்துத் தரும் செயலி பயன்படுத்தினால், அந்த முகத் தரவை எப்போது அழிப்பார்கள் என்றும் கேளுங்கள்.

கல்யாண மண்டபத்தில் சினிமாப் பாட்டு போடுவதற்குச் சட்டத்தில் விலக்கு உண்டு. அதே பாட்டை வீடியோவில் சேர்த்து யூடியூபில் ஏற்றுவது வேறு விஷயம். ஒலி முடக்கப்படலாம். உரிமம் பெற்ற இசையைக் கேளுங்கள், அல்லது அன்று வாசித்த நாதஸ்வரத்தையே நன்றாகப் பதிவு செய்யச் சொல்லுங்கள்.

படங்களே வரவில்லை என்றால்?

முதலில் எழுத்தில், தேதியோடு நினைவூட்டுங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதுவும் பலிக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் கொடுத்த தொகை 50 லட்சம் வரை இருந்தால் வழக்கு அங்கேதான். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் புகார் செய்ய வேண்டும். முக்கியமாக, 2019 சட்டப்படி நீங்கள் வசிக்கும் அல்லது வேலை செய்யும் ஊரிலேயே புகார் கொடுக்கலாம். கல்யாணம் மதுரையில் நடந்து, வேலை கொல்கத்தாவில் என்றால், இங்கிருந்தே வழக்குப் போடலாம்.

சடங்கு தெரியாதவருக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

ஒரு தாள் போதும். இடது பக்கம் நேரம், நடுவில் சடங்கு, வலது பக்கம் எங்கே நிற்க வேண்டும் என்பது. உங்கள் வீட்டு வழக்கப்படி காசியாத்திரை, ஊஞ்சல், மாலை மாற்றுதல், தாலி கட்டுதல், மெட்டி அணிவித்தல், அம்மி மிதித்தல், அருந்ததி பார்த்தல் என்று வரிசையாக எழுதுங்கள். தாலி கட்டும் வரியைச் சிவப்பில் எழுதுங்கள். "மேளம் திடீரென வேகமெடுத்தால், எல்லோரும் எழுந்தால், அதுதான் அந்த நொடி. ஒருவர் முன்னால், ஒருவர் பக்கவாட்டில். லென்ஸ் மாற்ற வேண்டாம்." கெட்டிமேளத்தின் ஒலிப்பதிவு ஒன்றை முதல் நாளே அவருக்கு அனுப்பிவிடுங்கள்.

மேடையருகே ஒரு ஆள் வேண்டும். மணமக்களால் முடியாது, அப்பா அம்மாவுக்கும் நேரமிருக்காது. சடங்கும் தெரிந்து, வங்காளியோ ஹிந்தியோ பேசத் தெரிந்த ஒரு தம்பியோ தோழியோ போட்டோகிராபர் கூடவே இருக்கட்டும். பெரியப்பாவை நாலு அடி பின்னால் நிறுத்துவதும் அவர் பொறுப்பு.

இரண்டாவது தாள், குடும்பப் படங்களின் பட்டியல். பதினைந்து, இருபது வரிகளுக்கு மேல் வேண்டாம். ஒரு படத்துக்கு மூன்று நிமிடம் என்று வைத்தாலும் இருபது படத்துக்கு ஒரு மணி நேரம் ஆகிவிடும். வயதில் மூத்தவர்களை முதலில் எழுதுங்கள். அவர்கள் சீக்கிரம் களைத்துப் போவார்கள், முதல் பந்திக்கும் போக வேண்டும்.

எங்கள் வீட்டில் அடுத்த கல்யாணம் வரும் பங்குனியில். பட்டியலை இப்போதே எழுதிவிட்டோம். முதல் வரியில் தாத்தாவின் பெயர்.